மீட்டர் பார்க்கும் மிசாவோவும் வெண்கல மணியும்

ஜப்பானில் எங்கள் இகா ஊரில் நிஞ்சாக்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஏப்ரல் திருவிழா வந்துவிட்டால் வங்கிக் காசாளர் நிஞ்சா, தபால் பிரிக்கிறவர் நிஞ்சா, பல் பிடுங்குகிறவர் நிஞ்சா. யார் கண்ணிலும் படாமல் இருப்பதற்கென்று முன்னோர்கள் கண்டுபிடித்த கலையை எல்லார் கண்ணிலும் விழுகிற மாதிரி செய்து காட்டுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை. கறுப்பு உடை, கறுப்பு முகமூடி, நெஞ்சில் பெயர் அட்டை.

இத்தனை பேருக்கு நடுவில் நிஜமாகவே கண்ணில் படாத ஒரு ஆள் உண்டு. புகுமோரி மிசாவோ, வயது ஐம்பத்தேழு, நகரக் குடிநீர்த் துறையில் மீட்டர் பார்ப்பவள். சாம்பல் நிறச் சட்டை, தொப்பி, இடுப்பில் ஒரு பை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஆயிரத்து நானூறு வீடுகளுக்குள் நுழைந்து, தரையில் பதித்த நீல மூடியைத் தூக்கி, எண்ணைக் குறித்து, அளவுச் சீட்டைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வெளியேறிவிடுவாள். இருபத்து நாலு வருஷமாக இதே வேலை. "எங்க வீட்டுக்கு மீட்டர் பாக்க யாரு வருவாங்க?" என்று ஊரில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் இளைஞன் என்பார், ஒருவர் குள்ளமான ஆம்பளை என்பார், இன்னொருவர் "இப்பல்லாம் கம்ப்யூட்டரே பாத்துக்குதாமே" என்பார்.

புருஷன் தோகிச்சிக்கு மட்டும் அவளைத் தெரியும். அதுவும் தாமதமாகத்தான் தெரியும். மிசோ சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு திரும்பினால் பின்னாலேயே நிற்பாள். மூன்று கிண்ணம் உடைந்த பிறகு பூனைக் கழுத்தில் கட்டுகிற சலங்கை ஒன்றை வாங்கி வந்து அவள் சமையல் ஏப்ரனில் தைத்துவிட்டான். ஒரே வாரத்தில் சலங்கையும் சத்தம் போடாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

இதற்கெல்லாம் காரணம் தொமிகுரா சென்செய். ஆணி, பூட்டு, பெயின்ட் விற்கிற கடைக்காரர்; செவ்வாயும் வெள்ளியும் சாயங்காலம் பயிற்சிக் கூடத்தில் நிஞ்சுத்சு என்கிற நிஞ்சாக் கலைக்கு ஆசான். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் மண்டியிட்டு உட்கார, அவர் ஒரே வாக்கியத்தைச் சொல்வார்: "இங்க பண்றது பயிற்சியே இல்ல. வாசல் தாண்டினப்புறம் நடக்கிற நடைதான் பயிற்சி." எல்லாரும் தலை தரையில் படக் கும்பிட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்த வாக்கியத்தை நம்பிய ஒரே ஜீவன் மிசாவோ. சொன்னவரையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அவள் நடந்தாள். ஒரு நாளைக்கு அறுபது வீடு. மரப்படி, ஈரப்பாசி, காய்ந்த மூங்கில் இலை, எல்லாவற்றையும்விடப் பொல்லாத சரளைக்கல். திருடன் வந்தால் நறநறவென்று காட்டிக் கொடுக்கட்டும் என்று வீட்டைச் சுற்றிக் கொட்டி வைப்பார்களே, அந்தச் சரளை. முதல் ஐந்து வருஷம் நறநறத்தது. அடுத்த ஐந்து வருஷம் முணுமுணுத்தது. அப்புறம் அதுவும் அவளை மறந்துவிட்டது.

ஆனால் திருவிழாச் செயல்விளக்கத்தில் அவளுக்குக் கிடைத்ததெல்லாம் மற்றவர்களின் இடுப்புத்துணியைக் கட்டிவிடுவது, எறிந்த நட்சத்திரத் தகடுகளைப் பொறுக்கி வருவது, மைக்கில் "அடுத்து..." என்று சொல்வது. அதிலும் பாதி நேரம் மைக் வேலை செய்யாது.

செயல்விளக்கத்தின் கடைசி உருப்படி மணி எடுப்பது. கோவில் முற்றத்தில் சரளைக்கல் பரப்பின் நடுவே காவலாளி ஒருவர் கண்ணைக் கட்டிக்கொண்டு முக்காலியில் உட்காருவார். பக்கத்தில் தரையில் ஒரு சின்ன வெண்கல மணி. நிஞ்சா பின்னாலிருந்து இருபத்தேழு அடி நடந்து வந்து அதை எடுத்து, திரும்பிப் போய், கயிற்றுக்கு அப்பால் நின்று அடித்துக் காட்ட வேண்டும். காவலாளி கையில் இரண்டு மரக்கட்டை. சத்தம் கேட்ட திசையில் கை நீட்டிக் கட்டையைத் தட்டிவிட்டால் நிஞ்சா தோற்றான். தட்டுவது ஒரே தரம்தான். திசை தப்பினால் காவலாளி தோற்றார்.

எட்டு வருஷமாகக் காவலாளி யகுரா கன்ஜி. கோவில் கமிட்டித் தலைவர். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைக் கண்டுபிடித்த காது அவருடையது. அந்தக் காதைக் கமிட்டிக் கூட்டங்களில் அவர் உபயோகித்ததாகத் தகவல் இல்லை. திருவிழாவில் மட்டும் எட்டு நிஞ்சாக்களைப் பிடித்துவிட்டார். போன வருஷம் கைபேசிக் கடைப் பையன் ரென்தாரோ, சுவரிலிருந்து குட்டிக்கரணம் போட்டு இறங்குகிறவன், நாலாவது அடியிலேயே மாட்டினான்.

எல்லாரும் செய்த தவறு ஒன்றுதான். பழைய நடை மரத்தரைக்காக உண்டானது: பாதத்தின் வெளி ஓரத்தை முதலில் வைத்து, மெல்ல மெல்ல, கொக்கு மாதிரி. கூடத்தில் அப்படித்தான் பழகுவார்கள். சரளையில் மெல்ல வைக்க வைக்கத்தான் கற்கள் ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளும்.

இந்த வருஷம் மார்ச்சில் யகுரா கூடத்துக்கே வந்து அறிவித்தார்.

"சென்செய், தப்பா நெனைக்காதீங்க. எட்டு வருஷமா நான் ஜெயிச்சு ஜெயிச்சு எனக்கே போரடிச்சுப் போச்சு. இந்தத் தடவையும் மணி எடுக்கலேன்னா அடுத்த வருஷத்துலேருந்து மேடை ஹூலா கிளப்புக்கு."

"ஹூலாவா? ஹவாய்க்காரங்க ஆடுவாங்களே, அதுவா?" என்றார் சென்செய்.

"பதினஞ்சு பெண்கள் இடுப்பை ஆட்டறாங்க. சத்தமா ஆட்டறாங்க. யாரும் ஒளிஞ்சுக்கலே. சனங்களுக்கு அதுதான் வேணும்."

அவர் போய்விட்டார். முந்நூறு வருஷம் தலைமுறை தலைமுறையாக வந்த கலை, காகிதப் பூமாலைக்கு வழிவிட வேண்டிய நிலைமை. (முந்நூறு என்பது கூடத்துப் பலகையில் எழுதியிருப்பது. பலகை சென்செய் கடையில் வாங்கியது.)

"நான் போறேன்," என்றது ஒரு குரல். எங்கிருந்து என்று தேடினார்கள். மிசாவோ சென்செய்க்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

ரென்தாரோ சிரித்துவிட்டான். "அக்கா, உங்க முட்டி மடக்கினாலே முறுக்கு ஒடைக்கிற சத்தம் வருமே!"

"மடக்காம நடக்கிறேன்டா."

சென்செய் கனிவாகத் தலையாட்டினார். கனிவு என்றாலே மறுப்பு என்று அர்த்தம். "புகுமோரி சான், உங்க மனசு பெருசு. ஆனா இது அனுபவம் வேண்டிய வேலை."

"சென்செய் வீட்டு வாசல்லயும் சரளைதானே?"

"ஆமா. பூனை நடந்தாக்கூட எனக்குக் கேக்கும்."

"போன மாசம் பத்தொன்பதாம் தேதி மீட்டர் பாக்க வந்தேன். நீங்க தோட்டத்துல குந்தியிருந்தீங்க. உங்களுக்கு ரெண்டடி பின்னால நின்னேன்."

"பொய். நான் வீட்லயே இல்ல."

"இருந்தீங்க. மீட்டர் பெட்டியத் தொறந்து வெச்சுக்கிட்டு உள்ளேருந்து அவரைப்பருப்புப் பூரணம் வெச்ச பன் எடுத்துச் சாப்பிட்டீங்க. ரெண்டு. டாக்டர் இனிப்பே கூடாதுன்னாராம்ல? உங்க வீட்டம்மாவுக்குத் தெரியக் கூடாதுன்னு நாலு வருஷமா அங்கதான் ஒளிச்சு வெக்கிறீங்க. நீங்க சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் எண்ணைப் பாத்தேன்."

கூடத்தில் ஒருவரும் மூச்சு விடவில்லை. நிஞ்சாக்கள் என்பதால் அது சுலபமாகவே வந்தது. சென்செய் சுவரைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். அவள் கூடத்துக்கு வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அதுதான் முதல் தரம்.

"மணி எடுக்கப் போறது புகுமோரி சான்," என்றார். பிறகு, ரொம்ப மெல்ல, "அந்தப் பெட்டியப் பத்தி..."

"எந்தப் பெட்டி?" என்றாள் மிசாவோ.

திருவிழா அன்று மத்தியானம் இரண்டு மணி. நானூறு பேர் கயிற்றைச் சுற்றி. ஹூலா கிளப்புப் பெண்கள் பதினைந்து பேரும் பூமாலையோடு முன்வரிசையில் வந்து உட்கார்ந்து, மேடையை இப்போதே கண்ணால் அளந்துகொண்டிருந்தார்கள். மிசாவோ ஒரு வாளித் தண்ணீரில் வைக்கோல் செருப்பை ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். சென்செய் பக்கத்தில் வந்து, எல்லாரும் பார்க்க, சட்டைக்குள்ளிருந்து ஒரு பன்னை எடுத்து நீட்டினார். "தெம்புக்கு." மிசாவோ அதை வாங்கி இடுப்புப் பைக்குள் வைத்தாள். பார்த்தவர்களில் சென்செய்யின் மனைவியும் உண்டு. ஆள் அன்றைக்கு எதற்கும் துணிந்திருந்தார்.

யகுரா முற்றத்துக்குள் நடந்து வந்தபோதுதான் எல்லாருக்கும் திக்கென்றது. கையில் நாய்ச் சங்கிலி.

"பழைய காவலாளிங்க நாயோடதான் இருப்பாங்க," என்றார் பெருமையாக. "ரென்தாரோ, இந்தத் தடவையும் நீதானே? கின்பேயைத் தாண்டு பாப்போம்."

யார் வருவது என்று காவலாளிக்குச் சொல்லக் கூடாது என்பது வழக்கம். ரென்தாரோ உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். கண்ணைக் கட்டினார்கள். கின்பே என்ற அந்தச் செம்பட்டை நாய் முக்காலியின் காலில் சங்கிலியோடு படுத்தது. ஊரே அமைதியானது.

மிசாவோ இறங்கினாள். கொக்கு நடை இல்லை. முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, சூடான குளியல் தொட்டிக்குள் உடம்பை இறக்குகிற மாதிரி எடையை இறக்கினாள். ஈர வைக்கோல் கல்லை அணைத்துக்கொண்டது. ஒன்று. இரண்டு. கோவில் கொடித்துணி காற்றில் படபடத்தபோது இன்னும் மூன்று. யாரோ இருமியபோது இரண்டு. பதினைந்தாவது அடியில் கின்பே தலையைத் தூக்கினான்.

அவளைப் பார்த்துவிட்டான். வால் ஆடியது. சங்கிலி கிணுங்கியது.

யகுராவின் முதுகு நிமிர்ந்தது. கட்டை இரண்டும் உயர்ந்தன. "கின்பே, யார்ரா அது?"

மிசாவோ ஒற்றைக் காலில் நின்றாள். முட்டி கெஞ்சியது. தோகிச்சி கயிற்றுக்கு அப்பால் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அவள் உள்ளங்கையை மெதுவாகக் கீழே காட்டினாள். ஒன்பது வருஷமாக, யகுரா வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, அந்தக் கை அப்படிக் காட்டினால், சத்தம் போடாமல் படுத்தால், கடைசியில் ஒரு காய்ந்த நெத்திலி வரும் என்பது கின்பேக்குத் தெரியும். குரைத்தால் ஒன்றும் வராது என்பதும் தெரியும். முகத்தை முன்னங்கால் மேல் வைத்துப் படுத்துக்கொண்டான். காவல் நாய் கட்சி மாறிவிட்டது.

கட்டைகள் அந்தரத்திலேயே நின்றன. ஒரே தரம்தானே தட்டலாம்? திசை தெரியாமல் எப்படித் தட்டுவது?

அப்போது கோவிலுக்குக் கீழே ரயில்வே கேட்டின் மணி ஒலித்தது. இரண்டே பெட்டி ரயில், தடதடவென்று. யகுராவின் முகத்தில் ஒரு சிரிப்பு. எட்டு வருஷமாக ஒவ்வொரு முட்டாளும் இந்தச் சத்தத்தில்தான் ஓடி வருவான். காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தார். யாரும் வரவில்லை. ரயில் போய்விட்டது.

மிசாவோ அதற்குத்தான் நின்றாள். அவர் வீட்டு வாசலில் அவள் எத்தனை ரயிலைப் பார்த்திருக்கிறாள்! ஒவ்வொன்று போன பிறகும் இந்த மனிதர் தலையைச் சாய்த்து, வாய்க்குள் ஏதோ எண்ணி, தீர்ப்புச் சொல்லுவார். பென்ஷன் வாங்கிப் பத்து வருஷமாகியும் தண்டவாளம் அவரை விடவில்லை. இப்போதும் தலை சாய்ந்தது. உதடு அசைந்தது. "மூணாவது இணைப்பு... லேசா லூசு..."

பன்னிரண்டு அடி. பக்கத்து வீட்டுக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். முட்டியை மடக்காமல் குனிந்தாள். பன்னில் ஒரு விள்ளல் பூரணத்தை மணியின் நாக்கைச் சுற்றி அப்பினாள். மணியைத் தூக்கினாள். அந்த இடத்தில் இடுப்புப் பையிலிருந்து ஒரு காகிதத்தை வைத்தாள். கின்பேக்கு ஒரு நெத்திலி. நாய் சாப்பிட்டது யகுராவுக்குக் கேட்டது. அது எப்போதும் எதையாவது தின்னும் என்று விட்டுவிட்டார்.

திரும்பிய இருபத்தேழு அடியை நானூறு பேரும் எண்ணினார்கள், வாயைத் திறக்காமல். கயிற்றைத் தாண்டி, கையை உயர்த்தி, மணியை ஆட்டினாள்.

சத்தமே வரவில்லை.

மறுபடி ஆட்டினாள். பூரணம்! விரலை விட்டுத் தோண்டி எடுத்து, அவசரத்தில் வேறு எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டு, மூன்றாம் முறை ஆட்டினாள்.

கணீர்!

அதற்கப்புறம் மணிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. முதலில் எழுந்து கத்தியவர்கள் ஹூலா கிளப்புக்காரர்கள். மேடை போன துக்கத்தை நொடியில் மறந்து, பதினைந்து மாலையையும் அவள் கழுத்திலேயே போட்டுவிட்டார்கள். ரென்தாரோ தரையில் மண்டியிட்டு நெற்றி மண்ணில் படக் கும்பிட்டான். தோகிச்சி அழுதுகொண்டே பக்கத்தில் நின்றவரிடம், "அது எம் பொண்டாட்டி! வீட்ல ஒரு கிண்ணம் மிச்சமில்ல!" என்றான்.

யகுரா கண்கட்டை அவிழ்த்தார். மணி இல்லை. காகிதத்தை எடுத்தார். குடிநீர் அளவுச் சீட்டு, அவர் பெயருக்கு. மேடை மைக் இந்த நேரம் பார்த்து ஒழுங்காக வேலை செய்ததால், அவர் வாய்விட்டு வாசித்தது முற்றம் முழுக்கக் கேட்டது.

"யகுரா கன்ஜி... போன தடவையைவிட அளவு கூடியிருக்கிறது. கழிவறைத் தொட்டியில் இரண்டு மாதமாகக் கசிவு. தயவுசெய்து காது கொடுத்துக் கேட்கவும்."

சிரிப்பு அடங்க வெகுநேரமானது. அவர் எழுந்து, சரளையில் நறநறவென்று நடந்து அவள் முன்னால் வந்து நின்றார்.

"எங்க வீட்டுக்கு நீங்க எப்ப வந்தீங்க?"

"ரெண்டு மாசத்துக்கு ஒரு தரம். இருபத்து நாலு வருஷமா."

"வாசல்ல சரளையக் கொட்டினதுக்கு அப்புறமும்?"

"கொட்டின அன்னிக்கும் வந்தேன், தலைவரே. நல்ல கல்லு. எனக்கு ரொம்ப உபயோகமா இருந்துச்சு."

யகுரா இடுப்பு வளைய, ஊர் அறிய, தாழக் குனிந்து வணங்கினார். சென்செய்யும் குனிந்தார். மிசாவோவும் பதிலுக்கு முட்டி மடக்கிக் குனிந்தாள். முட்டி முறுக்கு மாதிரி ஒடிந்த சத்தம் மைக்கில் கேட்டது.

மேடை கூடத்துக்கே நிலைத்தது. மணி எடுப்பதற்கு முன்னால் ஹூலா கிளப்புக்குப் பத்து நிமிஷம் என்று மிசாவோதான் ஏற்பாடு செய்தாள். சத்தமாகவே ஆடச் சொன்னாள். இப்போது மைக்கில் "அடுத்து..." சொல்வது சென்செய்.

ஜூன் மாதம் மீட்டர் பார்க்கும் நாளன்று யகுரா காலை ஆறு மணிக்கே நாற்காலியை வாசலில் போட்டு, சரளையைப் பார்த்தபடி, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கின்பே காலடியில். ரயில் பதினோரு தரம் போனது. சாயங்காலம் களைத்துப்போய் எழுந்து, எதற்கும் இருக்கட்டும் என்று தபால் பெட்டியைத் திறந்தார்.

சீட்டு இருந்தது. கசிவு நின்றுவிட்டது, நன்றி என்று எழுதியிருந்தது. கின்பே வாயை நக்கிக்கொண்டிருந்தான். நெத்திலி வாசனை அடித்தது.