சிவப்பைப் பச்சையாக்கினேன்

என் தங்கையின் கணவனை நான் வெறுத்தேன். அதை மென்மையாகச் சொல்ல இந்த வயதில் எனக்கு விருப்பமில்லை.

பழுகாமத்தில் வாவிக்கரை வயல்வெளியான எங்கள் வட்டையின் விவசாயக் கமிட்டிக்கு அவன்தான் செயலாளர். நீர்ப்பாசன வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பின் நான் வாவியில் ஒரு நீர்மட்டக் கருவி பொருத்தினேன். அதன் அளவு என் கணினிக்கு வரும். மச்சான் தன் மடிக்கணினியில் டெர்மினலை, வெறும் எழுத்து ஓடும் கறுப்புத் திரையை, திறந்து என் கணினிக்குள் நுழைந்து அதைப் பார்ப்பான். வயலுக்கு ஆபத்தென்றால் எழுத்துகள் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. கமிட்டியில் எவரும் எண்ணைக் கேட்பதில்லை. "சிவப்பா, பச்சையா?" அவ்வளவுதான். சிவப்பென்றால், வாவித் தண்ணீர் கடலுக்கு வடிய முகத்துவாரத்து மணல்திட்டை வெட்டிவிடச் சொல்லி அரசாங்க அலுவலகத்துக்கு ஓடுவார்கள்.

ஒரு கூட்டத்தில் மச்சான் அந்தத் திரையைத் தூக்கிக் காட்டினான். "பாருங்கோ, செத்தவீட்டுக் கறுப்பு. எங்கட என்ஜினியருக்கு ஒரு படம் போடத் தெரியாது." எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும், அவன் நுழையும்போது ஓடும் கோப்பில் ஒரு வரி சேர்த்தேன். எஸ்கேப் எழுத்து, மூடும் சதுர அடைப்பு, நான்கு, ஒன்று, பிறகு பச்சையின் குறியீடு. டெர்மினல் அதை எழுத்தாகக் காட்டாது, கட்டளையாக எடுத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு நான் அனுப்பும் சிவப்பு அவன் திரையில் பச்சையாகவே விழும். ஒரு தடவை பிழையாகச் சொல்லி முழிக்கட்டும், பிறகு அழித்துவிடலாம் என்று நினைத்தேன்.

மழை பிடித்தது. என் திரை சிவந்தது. "பச்சைதான், அவசரமில்ல" என்று அவன் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். இன்னும் கொஞ்சம் முழிக்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். விடிந்தபோது கதிர் வந்த பயிர் முழுக்கத் தண்ணீருக்குள் கிடந்தது.

கமிட்டி அவனைக் கிழித்தது. சிவப்பைப் பச்சையாகக் கண்டது தன் கண்ணின் பழுதென்று நம்பி அவன் கண் வைத்தியரிடம் போனான். அதைத் தங்கை சொன்ன பிறகே அவன் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொன்னேன்.

"ஒரு வரிதான், எடுத்துட்டன் மச்சான்."

"வட்டைக்குள்ள கிடக்கிற தண்ணியையும் எடுத்துட்டியா?"

நான் போக எழுந்தேன்.

"கமிட்டியில நீயே சொல்லு. அதுக்குப் பிறகு என்ட வாசலுக்கு வராத."

சொன்னேன். எஸ்கேப் வரியைப் பற்றி எதுவும் விளக்கவில்லை. சிவப்பைப் பச்சையாக்கினேன், தெரிந்துகொண்டே பேசாமல் இருந்தேன் என்றேன். எவரும் கை ஓங்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் உட்கார்ந்திருந்த கதிரைகளை இழுத்து என்னைவிட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டார்கள். மச்சான் அடுத்த விடயத்தை வாசிக்கத் தொடங்கினான்.