மயில்துத்தத்துல முக்கின பனியன்

...அதத்தான் சொல்றேன் ஏத்தா, எனக்குச் சிரிப்ப அடக்க முடியல. நம்ம கால்பந்துக் கிளப்பு கோப்பைய வாங்கிக்கிட்டு வேன்ல மேளத்தோட வந்தாகல்ல, அதுக்கு ஒரு மலர் போட்ருக்காக. எம்பேத்தி வாசிச்சுக் காட்டுறா. வழுவழுன்னு காயிதம், பக்கத்துக்குப் பக்கம் படம். முன்னால வாங்குன கோப்பை, இப்ப வாங்குனது, சம்பளத்துக்கு ஆட வந்திருக்கானே அந்த வெளிநாட்டுப் பையன், பொம்பளப்பிள்ளைக டீமு, எல்லாம் இருக்கு. அதுல ஒரு எடத்துல எழுதிருக்காம், 'கிளப்பைத் தொடங்கிய பெரியோர், மேற்கு மலையின் வனப்பை மனத்தில் கொண்டு மயில்நீல நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள்' அப்படின்னு.

தேர்ந்தெடுத்தாகளாம்! எனக்குக் காப்பி பொரையேறிப் போச்சு. மலையுமில்ல, ஒண்ணுமில்லத்தா. நாந்தான். இந்தக் கைதான். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது, ஆனா அந்தப் பக்கத்துல இருக்கறது தப்புன்னு மட்டும் தெரியும்.

அப்ப எனக்கு ஒம்பது வயசிருக்கும். எங்கம்மா பிரசவத்துக்குப் பெறந்த வீட்டுக்கு வந்திருந்தா, கூட நானும் வந்திருந்தேன். தாத்தாவுக்குக் கம்பத்துக்குத் தெக்க திராட்சத் தோட்டம். கருப்புப் பன்னீர்த் திராட்ச. நாலு பழம் தின்னா நாக்கு ஊதாவாப் போயிரும், திருடித் தின்னுட்டு வாயத் தொறக்க முடியாது. அது கெடக்கட்டும். எங்கம்மாவோட தம்பி, சின்ன மாமா, பந்துப் பைத்தியம். அவுகளும், தோட்டத்துல வேல பாத்த பயலுகளும், உத்தமபாளையத்து பாய் வீட்டுப் பயலுக ரெண்டு பேரும் சேந்துதான் இந்தக் கிளப்ப ஆரம்பிச்சது. கிளப்புன்னா என்னா? ஒரு பந்து, பத்து வெள்ளப் பனியன். ஆபீசு, தாத்தாவோட மோட்டார் ரூம்பு.

தாத்தாவுக்குப் பந்துன்னாலே ஆகாது. கொடிக்குக் கவாத்து வெட்டுற நேரத்துல மகன் பந்தத் தூக்கிக்கிட்டுப் போனா யாருக்குத்தான் ஆகும்? அந்த வருசம் மலைக்கு மேல, கேரளாக்காரக நடத்துற செவன்ஸுக்கு மாமாவோட கிளப்பக் கூப்பிட்டிருந்தாக. பக்கத்துக்கு ஏழு பேரா ஆடுறது. மொத மொதல்ல வெளியூருல இருந்து வந்த அழைப்பு. தாத்தா சாப்பிட்ட கையோட சொல்லிட்டாக.

"போயிட்டு வா. செயிச்சா ஆடு. தோத்தா அன்னைக்கே பந்த எங்கிட்டக் குடுத்துட்டு, மோட்டார் ரூம்புச் சாவிய வச்சிட்டு, கவாத்துக் கத்தியத் தூக்கணும். சம்மதமா?"

"சம்மதந்தேன்யா"ன்னு மாமா சொல்லிட்டாக. 

போறதுக்கு மொத நாளு பனியனெல்லாம் செம்மண்ணா இருந்துச்சு. அம்மாச்சி எங்கம்மாவுக்கு மருந்து அரைச்சுக்கிட்டு இருந்தாக. மாமா எங்கிட்ட வந்து, "எங்காத்தால்ல, மோட்டார்த் தொட்டியில அலசிப்புட்டு, கடைசித் தண்ணியில இந்த நீலத்தப் போட்டு முக்கிக் காயப்போடு. மல்லிப்பூ மாதிரி இருக்கணும்"னு ஒரு பொட்டலத்தக் குடுத்தாக. துணி வெளுப்பாத் தெரியப் போடுவோம்ல, அந்த நீலம்.

நானும் நல்லாத்தேன் அலசுனேன். கால் வலிக்க மிதிச்சு அலசுனேன். பொட்டலத்தப் பிரிக்கையில ஈரக்கை, வழுக்கி வாய்க்கால்ல விழுந்துருச்சு. ஓடிப் பிடிக்கறதுக்குள்ள கரைஞ்சு, வாய்க்கால் தண்ணி நீலமா எதுத்த தோட்டத்துக்குப் போகுது.  திரும்பிப் பாக்குறேன், கொடிக்கு நோய் வராம அடிக்கிற மருந்த, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து ஒரு மண்தாழி நெறைய வச்சிருக்காக தாத்தா. இரும்புல வச்சா அரிச்சுரும்னு தாழியில வைப்பாக. எம்புட்டு நீலம்! ஒரு சிட்டிகைக்கே வேட்டி வெளுக்குதே, தாழி நெறைய இருந்தா எம்புட்டு வெளுக்கும்னு நெனைச்சேன். பத்தையும் முக்கி, கம்பால நல்லா அமுக்கி, பந்தல் கம்பியில காயப் போட்டுட்டேன்.

சாயங்காலம் மாமா வந்து பாத்தாக. அப்படியே தலையில கைய வச்சுக்கிட்டு உக்காந்துட்டாக. பத்துப் பனியனும் மயில் கழுத்துக் கலர்ல, அங்கங்க திட்டுத் திட்டா. தொவைச்சாக, கசக்குனாக, புளி போட்டுத் தேச்சாக. ம்ஹூம். மொடமொடன்னு சுண்ணாம்பு வேற ஒட்டிப்போச்சு. நான் அழுத அழுகையில மாமாவே, "விடுத்தா, பந்துக்குக் கலர் தெரியாது"ன்னாக.

மறுநா காலையில ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுப் போற ஜீப்புல போனோம். நான் விட்டாத்தானே! பொம்பளையாளுக மடியில உக்காந்துக்கிட்டேன். மேல போய் எறங்குனதும் ஒருத்தன் கத்துறான், "தே, மயிலு வந்நு!" கூட்டமே சிரிக்குது. எங்க பயலுகளுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. ஆட ஆரம்பிச்சு வேர்த்துச்சா, சுண்ணாம்பு வேலையக் காட்டிருச்சு. ஒரு கையால சொறிஞ்சுக்கிட்டே ஓடுறானுக. நின்னா அரிக்குது, ஓடுனாக் காத்துப்பட்டுக் கொஞ்சம் தேவலையாம். அதனால ஒருத்தனும் நிக்கல பாத்துக்க. அப்படி ஒரு ஓட்டம்! மாமா ஒண்ணு, பாய் வீட்டுப் பையன் ஒண்ணு, ரெண்டு கோலு போட்டாக. சிரிச்ச கூட்டமே எந்திரிச்சு "மயிலே, மயிலே"ன்னு கத்துச்சு.

ஆனாத் தோத்துப் போனோம்த்தா. மூணுக்கு ரெண்டு.

கெளம்புறப்ப கமிட்டிக்காரர் ஒருத்தர் வந்து மாமா தோளைப் பிடிச்சு, "அடுத்த கொல்லமும் மயிலு டீம் வரணும் கேட்டோ"ன்னாரு. அடுத்த வருசமும் வரச் சொல்றாரு. மாமா தலைய மட்டும் ஆட்டுனாக. வார வழியெல்லாம் பந்த நெஞ்சோட அணைச்சுக்கிட்டே வந்தாக.

தாத்தா மோட்டார் ரூம்பு வாசல்ல கட்டில் போட்டு உக்காந்திருந்தாக. மாமா நேராப் போய்ப் பந்தையும் சாவியையும் கட்டில்ல வச்சாக.

"தோத்தாச்சு."

"எத்தன?"

"மூணுக்கு ரெண்டு. அடுத்த வருசமும் வரச் சொன்னாக. நாந்தான் ஒண்ணுஞ் சொல்லல."

தாத்தா பனியன் நுனியப் பிடிச்சு மோந்து பாத்தாக. தாழியத் திரும்பிப் பாத்தாக. பெறகு என்னையப் பாத்தாக. நான் பாவாடையக் கடிச்சுக்கிட்டு நிக்கிறேன்.

"மருந்துல முக்குனது யாரு?"

"நாந்தேன். ஒரு கலர் இருக்கட்டுமேன்னு முக்குனேன்"ன்னு மாமா பொய் சொல்லிட்டாக.

"கூறுகெட்டவனே, சுண்ணாம்பு கூடிப்போச்சுல்ல. எப்படிடா ஓடுனீக?"

அம்புட்டுத்தேன்.  மாமாவும் மறுநா கவாத்துக் கத்தியத் தூக்கிட்டாக.

நாலு நா கழிச்சு தாத்தா என்னையக் கூப்பிட்டு, "அந்தப் பனியனுகள எடுத்துட்டு வாத்தா"ன்னாக. ஆத்தாடி, இன்னைக்குத்தேன் அடின்னு போனேன். தாத்தா சின்னத் தாழி ஒண்ணுல சுண்ணாம்பக் கொறைச்சுப் போட்டு மயில்துத்தம் கலந்து வச்சிருக்காக. கம்ப எங்கையில குடுத்து, "திட்டு விழாமக் கிண்டு"ன்னாக. நான் அழுதுக்கிட்டே கிண்டுறேன். தண்டனைன்னு நெனைச்சுக்கிட்டேன். பத்துப் பனியனும் முங்குச்சு. தாத்தா நின்னு பாத்துக்கிட்டே இருந்துட்டு, தோள்ல கெடந்த வெள்ளத் துண்ட உருவி அதையும் உள்ள போட்டாக. புதுத் துண்டு! நான் கம்பப் போட்டுட்டு, "அம்மாச்சி, தாத்தா நல்ல துண்டக் கெடுத்துட்டாக"ன்னு கோள் சொல்ல ஓடுனேன். அடுத்த வருசம் செவன்ஸுக்குன்னே நானும் வந்துட்டேன், மேல போற ஜீப்புல முன்சீட்டுல தாத்தா அந்தத் துண்டோட உக்காந்திருக்காக, அப்பக்கூட எனக்கு, இவுகளுக்கு மாத்துத் துண்டு இல்ல போலன்னுதேன்...

ஏத்தா, அங்கன குழாயில தண்ணி வந்துருச்சு பாரு! நிப்பாட்டுறதுக்குள்ள பிடிக்கணும், அந்தக் கொடத்த எடு, எடு!