ரிமோட்டில் ஒன்றாம் எண்

"உன் அம்மாவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?" என்று வீட்டுக்கார அம்மாள் ஃப்ராவ் யான்சன் மாடிப்படியில் என்னை நிறுத்திக் கேட்டபோது, காலி பாட்டில்கள் நிறைந்த பையோடு அப்படியே நின்றுவிட்டேன். வட ஜெர்மனியின் இந்தத் துறைமுக ஊருக்குக் கப்பல் வெல்டராக வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. அன்றிலிருந்து அவர் வீட்டு மாடியில்தான் குடியிருக்கிறேன். இத்தனை நாளில் எங்களுக்குள் நடந்த உரையாடல் "மொயின்" என்ற ஒரே வணக்கச் சொல்தான். காலையிலும் மொயின், மாலையிலும் மொயின், பனி கொட்டினாலும் மொயின். மஞ்சள் பையில் போட வேண்டிய குப்பையைப் பழுப்புத் தொட்டியில் போட்ட அன்று மட்டும் கூடுதலாக நான்கு வாக்கியம். எனக்கு அம்மா இருக்கிறாள் என்பதைக்கூட நான் அவரிடம் சொன்னதில்லை. அவளுக்கு முழங்கால் வலி என்பது பழவேற்காட்டு ஏரிக்கரையில் தோணிரேவுக்குப் பக்கத்திலிருக்கும் எங்கள் குப்பத்துக்கும், பொன்னேரியில் ஊசி போடும் டாக்டருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. "பரவாயில்லை" என்று உளறிவிட்டு ஓடிவந்தேன்.

இரண்டு நாள் கழித்து மறுபடி பிடித்துக்கொண்டார். "அந்த மஞ்சள் சேலைப் பெண் யார்? நன்றாகச் சிரிக்கிறாள். அவளைத்தானே உனக்குப் பார்த்திருக்கிறார்கள்?" ஊராக இருந்தால் யாரிடமாவது போய் மந்திரித்துக்கொண்டு வந்திருப்பேன். இங்கே அதற்கும் முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். அந்த வார இறுதியில் அவரே பிரச்சினையைத் தீர்த்துவைத்தார். கையில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு மேலே வந்து, "இந்தச் சானலுக்கு நிகழ்ச்சி நிரல் எங்கே கிடைக்கும்? ஒரு நாள் நண்டு வருகிறது, ஒரு நாள் கல்யாணம் வருகிறது, ஒழுங்கே இல்லை" என்று புகார் சொன்னார். முப்பது வருடம் டவுன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நேரம் தவறுவதை அவரால் மன்னிக்க முடியாது.

தவறு என்னுடையதுதான். ஊரைவிட்டுக் கிளம்பும்போது நான் துணிமணியைவிட அதிகமாகக் கொண்டுவந்தது வீடியோக்களைத்தான். அண்ணன் முருகேசனின் கல்யாண டிவிடி, திருவிழாவில் நான் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடிய ஆட்டம், ஒரு காதுகுத்து முழுசாக மூன்று மணி நேரம். இவை போதாது என்று, வந்த பிறகும் அம்மா போனில் எடுப்பதெல்லாம் தானாக என் ஹார்ட் டிஸ்கில் வந்து விழும்படி செய்திருந்தேன். அம்மா எடுக்காதது எதுவுமில்லை. காலை நீட்டி உட்கார்ந்து நண்டு சுத்தம் செய்வதை ஓட்டுக்கூரைக் கம்பில் போனைக் கட்டித் தானே எடுப்பாள். எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை பெண்ணை விட்டுவிட்டு, எனக்குப் பொருந்தும் என்று தோன்றுகிற பெண்களாகப் பார்த்து எடுப்பாள். இவற்றையெல்லாம் போனின் சின்னத் திரையில் பார்ப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ஊரில் டிவி என்றால் கூரைமேல் ஒரு டிஷ், உப்புக்காற்றில் அது ஆறே மாதத்தில் துருப்பிடிக்கும், அண்ணன் மேலே ஏறி வலைக்கயிற்றால் கட்டுவான், கீழே நின்று நான் "வந்துச்சு, போச்சு, வந்துச்சு" என்று குரல் கொடுப்பேன். அப்படி வாங்கிய படம்தான் படம்.

இந்த வீட்டுக் கூரையிலும் ஒரு டிஷ் இருக்கிறது. அதிலிருந்து இரண்டு ரிசீவருக்குக் கம்பி இறங்குகிறது, மாடியில் எனக்கு ஒன்று, கீழே அவருக்கு ஒன்று, இரண்டும் ஒரே மாடல். வைஃபையும் பொதுவானது, வாடகையில் சேர்த்தி. ஹார்ட் டிஸ்கில் இருப்பதை வைஃபை வழியாக இழுத்து ஒரு சானலைப் போலவே காட்ட இந்த ரிசீவருக்குத் தெரியும் என்று கண்டுபிடித்த நாளில் எனக்குத் தலைகால் புரியவில்லை. வானத்திலிருந்து இறங்கும் நூற்றுக்கணக்கான சானல்களுக்கும் முன்னால் ஒன்றாம் எண்ணில் எங்கள் குப்பத்தை வைத்தேன். ரிமோட்டில் ஒன்றை அழுத்தினால் ஊர் வரும், கடைசியாக வந்த வீடியோ முதலில் ஓடும். பிறகு ஒரு புயலில் டிஷ் திரும்பிக்கொண்டு ஃப்ராவ் யான்சனின் சானல்களெல்லாம் கலைந்துபோயின. ஆள் வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். உதவி செய்து நல்ல பெயர் வாங்கும் ஆசையில் நான் டிஷ்ஷைத் திருப்பி வைத்து, என் ரிசீவரின் சானல் பட்டியலை அப்படியே பென்டிரைவில் எடுத்து அவருடையதில் ஏற்றிவிட்டேன். ஒன்றாம் எண்ணையும் சேர்த்துத்தான். மாலை ஆறு மணிக்குச் செய்தி கேட்க ஒன்றை அழுத்துவது அவருடைய பல வருடப் பழக்கம். அழுத்தினார். அம்மா நண்டு சுத்தம் செய்துகொண்டிருந்தாள்.

"மன்னித்துவிடுங்கள், இப்போதே எடுத்துவிடுகிறேன்" என்றேன். என் முகம் சிவந்தது அவருக்குத் தெரிந்திருக்காது, எங்கள் நிறத்துக்கு அந்த ஒரு வசதி உண்டு. லுங்கி ஆட்டத்தையும் அவர் பார்த்துவிட்டாரே என்ற கவலைதான் எனக்கு. அவரோ, "எடுக்காதே. செய்தியை இரண்டாம் எண்ணில் போடு. அங்கே எப்படியும் கெட்டதுதான் சொல்கிறார்கள்" என்றார். போகிறபோது, "நீ நன்றாகத்தான் ஆடுகிறாய்" என்றும் சொன்னார். அதை எந்த முகத்தோடு சொன்னார் என்று திரும்பிப் பார்க்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சிரிப்பதற்கு அந்தச் சமயத்தில் எனக்கு மனமும் இல்லை. ஊரில் பாடு போடும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஏரியில் எறா, அதாவது இறால், விழுகிற இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நாளில் வலை விரித்தால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் யாருக்கு எந்த நாள், எந்த இடம் என்று முறை வைத்துக்கொள்கிறோம். அந்த முறைக்குப் பெயர் பாடு. வருடத்துக்கு ஒருமுறை கோயில் முன்னால் ஆண்கள் கூடுவார்கள். ஊர்த் தலைவர் நோட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிடுவார், கூப்பிட்டவன் "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்று சொல்ல வேண்டும். சொன்னவன் பெயர் சீட்டில் ஏறும், சீட்டுகளைக் குலுக்கி எடுத்து நாளையும் இடத்தையும் பிரிப்பார்கள். வலையை அப்புறம் அண்ணன் விரிக்கலாம், கூலிக்கு ஆள் வைக்கலாம், அதில் தடையில்லை. ஆனால் பதில் மட்டும் குலுக்கல் அன்று நேரில் வந்து வாயால் சொல்ல வேண்டும். ஒருவர் ஒரு பெயருக்குத்தான் பதில் சொல்லலாம். இல்லாவிட்டால் ஆள் பலம் உள்ள வீடுகள் ஊரில் இல்லாதவன் பெயரையெல்லாம் சேர்த்துப் பிடித்துவிடும். தொடர்ந்து மூன்று வருடம் பதில் இல்லாத பெயரை நோட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். எனக்கு இது மூன்றாவது வருடம்.

ஏற்கெனவே என் பெயருக்குக் கொஞ்சம் கறை உண்டு. துறைமுகம் வேண்டாம் என்று ஊரே பந்தல் போட்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அந்தப் பந்தலைத் தாண்டி, கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு அந்தக் காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கே வெல்டிங் வேலைக்குப் போனவன் நான். யாரும் திட்டவில்லை. தண்ணீர் வேண்டுமா என்றுதான் கேட்டார்கள், அது திட்டியதைவிட மோசமாக இருந்தது. அன்றுகூடப் பாடு நோட்டில் என் பெயர் இருந்தது. அது இருக்கிறவரை நான் எங்கே போனாலும் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று அர்த்தம். அடித்துவிட்டால் ஊருக்குப் போகும்போது எனக்கு விருந்தாளிக்குப் போடுகிற நாற்காலியைப் போடுவார்கள். அந்த நாற்காலியை நினைத்தாலே எனக்குப் பயமாக இருந்தது.

அண்ணனுக்குப் போன் செய்தேன். "நான் எம் பேருக்கு வாயத் தொறந்தா அத்தோட தீந்துச்சுடா. உம் பேருக்கு எவன் சொல்லுவான்? நீ வந்தாத்தான் ஆவும்" என்றான். லீவு கிடைக்காது, கட்டுகிற கப்பலை இந்த மாதம் தண்ணீரில் இறக்க வேண்டும் என்றேன். "அப்ப இன்னா பண்றது" என்று அவன் நிறுத்திக்கொண்டான். அம்மா போனைப் பிடுங்கி, "நீ பேஜாராவாத நைனா. நான் வீடியோ எடுத்து அனுப்புறேன்" என்றாள். எங்கள் பக்கம் அப்பாவும் நைனா, பிள்ளையும் நைனா. என் பெயரை அடிப்பதை வீடியோ எடுத்து அனுப்பப்போகிறாளாம். பெற்ற தாய்.

வீடியோ வந்துவிட்டது என்று போனில் காட்டியது. நான் அந்த வாரம் ரிமோட்டையே தொடவில்லை. ஒன்றை அழுத்தினால் அதுதான் முதலில் ஓடும். ஊரிலிருந்து போன் வந்தாலும் வேலையில் இருப்பதாகச் சொல்லி எடுக்காமல் விட்டேன். பார்க்காதவரை என் பெயரை இன்னும் அடிக்கவில்லை என்று ஒரு கணக்கு. அப்படி நான்கு நாள் ஓட்டினேன். ஐந்தாம் நாள் வாசலில் ஃப்ராவ் யான்சன் கையை நீட்டி, "வாழ்த்துகள். குலுக்கலில் உனக்கு என்ன விழுந்தது? கார் இல்லையே?" என்றார்.

நான் பார்க்கவில்லை என்றேன். அவருக்கு ஆச்சரியம். "உன் சானலை நீயே பார்ப்பதில்லையா? ஒரு கனத்த மனிதர் முன்னால் சீட்டுக் குடத்தை வைத்துக்கொண்டு நோட்டைப் பார்த்துப் படிக்கிறார். ஒவ்வொருவராகக் கையைத் தூக்கி ஏதோ சொல்கிறார்கள். பஸ் டெப்போவில் காலையில் ஆஜர் எடுப்பதைப் போலத்தான். ஓர் இடத்தில் மட்டும் அவர் படித்தார், ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை."

அது எந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும்.

"அதே இடத்தில் படமும் ஆடிப்போய்விட்டது. வானம், செருப்பு, ஒரு மரம், மறுபடி வானம். காற்றில் டிஷ் அசைகிறது, நீ மேலே ஏறிப் பார்க்க வேண்டும் என்று சொல்லத்தான் காத்திருந்தேன்" என்றார்.

ஹார்ட் டிஸ்கில் இருக்கும் படத்தை எந்தக் காற்றும் அசைக்க முடியாது. அசைந்தது போன்தான். போன் இருந்தது அம்மாவின் கையில். "நான் பார்க்க வேண்டும்" என்றேன். அவர் என்னைத் தன் வீட்டுக்குள் கூட்டிப்போய், சோபாவில் உட்காரவைத்து, ஒன்றை அழுத்தினார். அந்த வீட்டுக்குள் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அம்மா கோயில் மதிலுக்கு வெளியிலிருந்து எடுத்திருந்தாள். பாடு கூட்டம் நடக்கும்போது பெண்கள் உள்ளே போகக்கூடாது. தலைவர் படித்தார். கோதண்டன், கீறேன். முருகேசன், கீறேன். அண்ணன் சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்து என் பெயர், தேசிங்கு. தலைவர் மறுபடியும் படித்தார். அப்போதுதான் படம் வானத்துக்குப் போனது, போன் இருந்த கையையே தூக்கியிருக்கிறாள். மைக்குக்கு மிக அருகில் அம்மாவின் குரல் கேட்டது.

"கீறான்."

"யாரு அது?" என்று தலைவர் கேட்டார்.

"நாந்தான், தேசிங்கு அம்மா."

"இன்னாம்மா இது. கூட்டத்துல பொம்பள பேசக்கூடாதுன்னு தெரியாதா?"

"நான் எங்க பேசுனேன். கேட்டதுக்குப் பதில் சொன்னேன்."

உள்ளே சலசலப்பு. ஒருவருக்கு ஒரு பெயர்தான் என்று யாரோ முறையை எடுத்துக் கொடுத்தார்கள். அம்மா விடவில்லை. "எம் பேரு அந்த நோட்டுல எங்கனா கீதான்னு பாரு. இல்லியே. அப்ப என் வாயி சும்மாத்தானே கீது. அத்த எம் புள்ளைக்குக் குடுத்தா இன்னா தப்பு?"

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை, பிறகு கூட்டமே சிரித்தது. செருப்புகள், மரம், மறுபடி கோயில் முன்னால் தலைவரின் முகம். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நோட்டில் குனிந்தார். "சரி, எழுதிக்கிறேன். இந்த ஒரு வாட்டிதான். வர்ற வருசம் அவனே வந்து சொல்லணும், சொல்லிட்டேன்." அதோடு படம் முடிந்து, பழைய நண்டு வீடியோ ஓட ஆரம்பித்தது.

நான் அழுதேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, ஜெர்மன் சோபாவில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். கார் விழவில்லை போலும் என்று நினைத்து ஃப்ராவ் யான்சன் என் முதுகில் தட்டிக்கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக எனக்குத் தெரிந்த ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன். பாதி புரிந்ததோ முழுதும் புரிந்ததோ, அம்மா சொன்ன கடைசிப் பதிலை மட்டும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லவைத்தார். "எங்கள் டெப்போவில் நான்தான் முதல் பெண் டிரைவர்" என்றார். "முதல் வருடம் முழுக்க ஆஜர் பட்டியலில் என் பெயரைப் பென்சிலில்தான் எழுதியிருந்தார்கள்." பிறகு ரிமோட்டை எடுத்து, "மறுபடி போடு. இந்த முறை ஆடுகிற இடத்தில் நான் எழுந்து போகமாட்டேன்" என்றார்.

வருடம் முழுமைக்குமான லீவை ஜனவரியிலேயே எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பது இங்கே சட்டம். போன வாரம் ஃபோர்மேனிடம் தாளை நீட்டினேன். தேதி எங்கே என்று கேட்டார். ஊர்த் தலைவர் இன்னும் முடிவு செய்யவில்லை, அமாவாசையெல்லாம் பார்த்துத்தான் சொல்வார் என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு, காரணம் என்ன, கல்யாணமா என்றார். இல்லை, என் பெயரைக் கூப்பிடுவார்கள், இருக்கிறேன் என்று சொல்ல வேண்டும் என்றேன்.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "இரண்டு விமானம் மாறிப் போய், இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, உடனே இங்கே திரும்பி வந்துவிடுவாய்."

"ஆமாம்."

"உனக்குப் பதிலாக வேறு யாரும் சொல்லக்கூடாதா?"

"சொல்லிவிட்டார்கள்" என்றேன். "அதனால்தான் போகிறேன்."