அரக்குதானுங்களே?

பேய், ஜின், காத்துக் கருப்பு எதையும் நான் நம்பியவன் இல்லை. என் மனைவி ரஹ்மத் விளக்கில்லாமல் கொல்லைப்பக்கம் போக யோசிப்பாள், நான் அவளைக் கேலி செய்வேன். நீங்களும் இதைக் கேட்டுவிட்டு, பாய்க்கு வயதாகிவிட்டது என்று சிரித்துக்கொண்டே போகலாம். அதற்காக நடந்ததை நடக்கவில்லை என்று என்னால் சொல்ல முடியாது.

எங்கள் ஊர் கணபதியில் நான் வைத்திருப்பது மேட்சிங் கடை. சேலையைக் கொண்டுவந்தால் அதன் நிறத்துக்கு ஜாக்கெட் துணியும் லைனிங்கும் பொருத்திக் கொடுப்பது. இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, கடைக்குள் எத்தனை விளக்கு எரிந்தாலும் நம்ப மாட்டோம், சேலையையும் துணியையும் வாசலுக்கு எடுத்துவந்து பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் கத்தரியைத் தொடுவோம். டியூப்லைட்டில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு மெரூன், வெயிலுக்கு வந்ததும் ஒன்று ரத்தமாகவும் மற்றது காபித்தூளாகவும் நிற்கும். அதேபோல் பொழுது சாயும்போது முதலில் போவது சிவப்பு. எவ்வளவு நல்ல அரக்கும் அந்தியில் கருப்பாகிவிடும், நீலமும் பச்சையும்தான் கடைசிவரை தாக்குப்பிடிக்கும். அதனால் விளக்கு வைக்கிற நேரத்தில் யாராவது சிவப்புக்கு மேட்சிங் கேட்டால் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிடுவேன்.

அந்த மாதம் எனக்கு நேரமே சரியில்லை. இடது கண்ணில் புரை எடுத்திருந்தார்கள், வலது கண் பாக்கி இருந்தது. வெள்ளைச் சட்டையை இடது கண்ணால் பார்த்தால் நீலம் போட்டு அலசியது மாதிரியும், வலது கண்ணால் பார்த்தால் டீயில் நனைத்தது மாதிரியும் தெரியும். இதில் எந்தக் கண் சொல்வது நிஜம் என்று யாரிடம் போய்க் கேட்பது? வெட்டிக் கொடுத்த துணிகள் திரும்பிவர ஆரம்பித்தன. பக்கத்துச் செல்போன் கடைக்காரர் இடத்தை வாடகைக்குக் கேட்டுக்கொண்டே இருந்தார், ரஹ்மத்தும் கொடுத்துவிடலாம் என்றாள். இன்னும் ஒரு தடவை நிறம் தப்பினால் சாவியைக் கொடுத்துவிடுவது என்று நானே மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். பயமாகத்தான் இருந்தது, எனக்கு வேறு வேலை எதுவும் தெரியாது.

அன்று அந்தி நேரத்து மக்ரிப் பாங்கு முடியவும் கரண்ட் போகவும் சரியாக இருந்தது. வாசலில் ஒரு வயதான அம்மா, கையில் மஞ்சப்பை. மகள் பக்கத்து மருந்துக்கடைக்குப் போயிருக்கிறாள் என்றார்.

“ஏனுங்க பாய், பேத்தி கண்ணாலத்துக்குக் கட்டோணும். என்ற கண்ணாலச் சேலைங்க இது. ஜாக்கெட்டுத் துணி வேணுமுங்க.”

“கரண்ட் வரட்டுங்கம்மா. இந்த வெளிச்சத்துல நெறம் புடிபடாது.”

“வாசல்ல வெச்சுத்தான் பாருங்களே” என்று சேலையை என் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை மட்டும் விடாமல் அவர் பிடித்துக்கொண்டார்.

விரித்தேன். நம்பினால் நம்புங்கள், அலமாரியில் இருந்த சிவப்புத் துணியெல்லாம் அதற்குள் கருப்பாகியிருந்தது, எதிரே நின்ற சிவப்பு ஸ்கூட்டரும் கருப்பாகத்தான் தெரிந்தது, இந்தச் சேலை மட்டும் அரக்காக எரிந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், மறு கண்ணை மூடிப் பார்த்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு இரண்டு கண்ணும் ஒரே நிறத்தைச் சொன்னது. சந்தோஷமா பயமா என்று சொல்லத் தெரியவில்லை.

“நல்ல அரக்குங்கம்மா” என்றேன். அவர் அதுவரை நிறம் என்னவென்று சொல்லவே இல்லை, இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

“அரக்குதானுங்களே?”

“சத்தியமாங்கம்மா.”

அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. நான் உள்ளே போய் எந்தத் தட்டில் கை வைத்தேன் என்று நினைவில்லை, எடுத்துவந்த துணி சேலையோடு அப்படியே பொருந்தியது. வெட்டிக் கொடுத்தேன். மகள் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள், வயதானவர் என்பதால் என்று நினைத்துக்கொண்டேன். கரண்ட் வருகிற வழியாக இல்லை, இருட்டிலேயே கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் ஷட்டரைத் தூக்கினால், கத்தரி ஒரு பச்சைத் துணிக்கட்டின் மேல் கிடக்கிறது. இலைப்பச்சை. வெட்டியிருந்தது அந்தக் கட்டில்தான், சிவப்புக் கட்டுகள் ஒன்றிலும் கைபடவில்லை. சிவப்புக்குப் பச்சையை வெட்டிக் கொடுத்திருக்கிறேன்! அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். ரஹ்மத்துக்குப் போன் போட்டு, செல்போன் கடைக்காரரைச் சாயங்காலம் வரச் சொல்லிவிடு என்றேன்.

மதியம் அந்த மகள் வந்தாள். நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள், லைனிங் வேண்டும் என்று பையிலிருந்து சேலையையும் துணியையும் எடுத்து வாசலில், வெயிலில் விரித்தாள். துணி பச்சை. சேலையும் பச்சை. ஒரு நூல்கூடப் பேதமில்லை.

“அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாதுங்க பாய், வருசக்கணக்கா” என்றாள் மெல்லிய குரலில். “அவிய கண்ணாலச் சேலை அரக்குத்தான், பொட்டிக்குள்ளயே நைஞ்சு போச்சுங்க. சொல்ல மனசு வராம, என்ற சேலையக் குடுத்து இதுதான்னு சொல்லிப்போட்டோம். தடவித் தடவிப் பாத்துட்டு எங்கள நம்பவே இல்லீங்க. மருந்த வாங்கிட்டு ஓடியாந்து உங்களுக்குச் சாடை காட்டலாம்னு இருந்தேன், அதுக்குள்ள நீங்களே சத்தியம் பண்ணிட்டீங்களாமா. ஊட்டுக்கு வந்து ஒரே சந்தோசம். பாயே சொல்லிப்போட்டாரு, அரக்குதான்னு.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “பொய் சொல்லோணும்னு உங்களுக்கு எப்படிங்க பாய் தெரிஞ்சுது?”

நான் பொய் சொல்லவில்லை. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? லைனிங் எவ்வளவு வேணும் என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

கடையைக் கொடுக்கவில்லை. வலது கண்ணிலும் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது கண்கள் இரண்டும் சண்டை போடுவதில்லை, துணி எதுவும் திரும்பி வருவதும் இல்லை. இன்வெர்ட்டர் கூட வாங்கியாகிவிட்டது. ஆனாலும் அந்தி நேரத்தில் கரண்ட் போனால், ரஹ்மத் திட்டத் திட்ட அதை அணைத்துவிட்டு, அந்தப் பச்சைக் கட்டில் மிச்சமிருப்பதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருவேன். அது பச்சையாகவேதான் இருக்கிறது. இத்தனை வருடத் தொழிலில் அன்று பார்த்ததைப்போல ஒரு அரக்கை நான் பார்த்ததில்லை, ஆனால் அதைப் பார்த்தது யாருடைய கண் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.