படத்தில் ஓடிய எங்கள் எஸ்டேட் கார்

வண்டி ஓட்டுகிறவனுக்குச் சினிமா பார்க்கத் தெரியாதுங்க. கதாநாயகியை விட்டுவிட்டு அவள் இறங்கி வந்த காரைத்தான் பார்ப்பான். ஸ்டியரிங் பிடித்த நீங்களும் என் கட்சிதான், இல்லையென்று சொல்லுங்கள் பார்ப்போம்.

கொட்டகையில் கூச்சல்

ஏற்காட்டில் வெள்ளைக்காரத் துரைமார் காப்பி எஸ்டேட் நடத்திய காலம். ஒண்டிக்கடைப் பக்கம் டென்ட் கொட்டகை போட்டால், தரை டிக்கெட்டில் முதல் வரிசை டிரைவர்கள் நாங்கள்தான். திரையில் கார் தலைகாட்டியதும், யார் முதலில் மாடல் சொல்வது என்று போட்டி! விளக்கு ரெண்டும் கம்பிமேல் தனியாக நின்றால் பழசு, மட்கார்டோடு ஒட்டியிருந்தால் புதுசு.

"முப்பத்தெட்டு!" என்று நான் கத்துவேன். "உன்ற கண்ணுல என்ன, காப்பிக் கொட்டையா? முப்பத்தாறு!" என்று எகிறுவான் பக்கத்து வாழவந்தி எஸ்டேட் டிரைவர் குப்புசாமி. எங்கள் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிக்கிற காளியம்மா ஒருநாள் பின்னாலிருந்து பொறுக்கமாட்டாமல் கேட்டாள்: "ஏனுங்ண்ணா, அங்க பெத்தவ சாகக் கெடக்கறா, உங்களுக்கு வண்டி வயசு கேக்குதுங்களா?"

எலுமிச்சம்பழக் கணக்கு

எங்களுக்கு வருசம் எப்படித் தெரியும் என்கிறீர்களா? மலைக்கு ஒரு கார் முதல்முதலாக ஏறி வந்தால், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிப் பூசை போடுவோம். விளக்கு எப்படி இருந்தாலும் சரி, அந்த வருசம்தான் அதன் மாடல். அதே ஜாடையில் படத்தில் ஒன்று வந்தால் அதற்கும் அதே வருசம். மலை முழுக்க இந்தக் கணக்குத்தான்.

எங்கள் துரையின் காருக்குப் பூசை போட்டது முப்பத்தொன்பதில். உலகச் சண்டை முடிந்த சமயம், அதன் பின் அச்சில் பல்சக்கரம் நொறுங்கிவிட்டது. சாமான் கிடைக்காவிட்டால் காரை எடைக்குப் போட்டுவிட்டு, என்னைக் காப்பி காயப்போடுகிற களத்துக்கு அனுப்பப் போவதாகத் துரை சொல்லிவிட்டார். மெட்ராஸ் கடைக்காரர் மாடல் கேட்டார். கார்க் காயிதத்தைக் கரையான் தின்று வெகுநாளாச்சு, துரைக்கும் வருசம் நினைவில்லை. "முப்பத்தொம்பது!" என்று அடித்துச் சொன்னேன். வந்த சக்கரம் பொருந்தவே இல்லை! இன்னும் ஒரே ஒரு தரம் வரவழைக்கலாம், அத்தோடு சரி என்றார் துரை. கணக்கெழுதுகிற எஸ்டேட் ரைட்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்: "பொண்ணுக்குத்தான் வயசை மாத்திச் சொல்லுவாங்க, நீ காருக்குமாப்பா?"

காளியம்மா கல்யாணம்

அடுத்து கொட்டகைக்கு ஒரு பழைய படம் வந்தது. அதில் மாமனார், மாப்பிள்ளைக்கு மாலை போட்ட புத்தம்புதுக் காரைச் சீராகக் கொடுக்கிறார். பார்த்தால் எங்கள் காரேதான்! அதே கம்பி விளக்கு, பின்பக்கமாகத் திறக்கிற அதே கதவு, மூக்கின் மேல் அதே சிறகு பொம்மை. எழுந்து குதித்துவிட்டேன்.

"உக்காருங்ண்ணா, மறைக்குது. கண்ணாலமான புதுசுல சேலத்துல பாத்த படமுங்க இது. அப்பத்தான் வெளிய வந்திருந்துச்சு" என்றாள் காளியம்மா.

"உனக்கு எந்த வருசம் கண்ணாலம்?"

"முப்பத்தஞ்சுங்க."

குப்புசாமி என் கையை இறுக்கிப் பிடித்தான்: "அட சாமி, நாம எலுமிச்சம்பழம் நசுக்கறதுக்கு முன்னாலயே உன்ற வண்டி படத்துல நடிச்சுப்போட்டு வந்திருக்குதுடா!"

திரும்ப மலையேறியது

அப்புறம்தான் புத்திக்கு எட்டியது. கீழே யாரோ ஓட்டித் தீர்த்த காரைத் துரை வாங்கி வந்திருக்கிறார். நாங்கள் அதைப் பச்சைக் குழந்தை என்று நினைத்துப் பழம் நசுக்கியிருக்கிறோம். விடிந்ததும் ரைட்டரிடம் ஓடி, முப்பத்தஞ்சு என்று எழுதச் சொன்னேன்.

சக்கரம் வந்தது. பல்லோடு பல் எப்படிக் கவ்வியது என்கிறீர்கள்! சேலம் வரை இறங்கித் திரும்பினேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஆரன் அடித்தேன், பறிக்கிற பெண்களெல்லாம் ரோட்டோரம் ஓடி வந்தார்கள். துரைக்கு வாயெல்லாம் பல். வருசம் எப்படிப் பிடித்தாய் என்று கேட்டார். காளியம்மாவைக் கைகாட்டினேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்: "எங்கூட்டுக்காரரே எங்க கண்ணால வருசத்தை மறந்துட்டாருங்க தொரை, காராச்சும் நாவகம் வெச்சிருக்குதே!"

அன்றிலிருந்து படத்தில் எந்தக் கார் வந்தாலும், நாங்கள் மாடலைக் கத்துவதற்கு முன்னால் கழுத்தைத் திருப்பிக் காளியம்மா முகத்தைத்தான் பார்த்தோம்.