ரங்கராஜன் பொறித்த 1719

ரங்கராஜன் கடலைப் பார்த்தது மொத்தம் இரண்டு முறை. இரண்டு முறையும் மெரினாவில், வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு. இந்த அனுபவத்தை நம்பித்தான் மனுஷர் புனேயில் கேம்ப் கடைத்தெருவில் பழைய கப்பல் சாமான் கடை திறந்தார். திசைகாட்டி, தொலைநோக்கி, மணல் கடிகாரம், எல்லாவற்றுக்கும் மேலே கண்ணாடி அலமாரியில் செக்ஸ்டன்ட். சூரியனைக் கண்ணாடிக்குள் இறக்கித் தொடுவானத்தில் உட்காரவைத்து, அந்தக் கோணத்தைக் கொண்டு கப்பல் எங்கே நிற்கிறது என்று கணக்குப் போடும் கருவி அது. அவர் விற்றதை வைத்து ஊருக்குள் ஓடும் முட்டா நதியைக்கூடத் தாண்ட முடியாது.

எல்லாம் புதுப் பித்தளை. வடக்கேயிருந்து பளபளவென்று மூட்டையில் வரும். ஐயா அதன் அளவுக்கோடுகளைச் சக்கரத்தில் மழுங்கத் தேய்த்து, அமோனியா ஊற்றிய பீப்பாய்க்குள் மூன்று நாள் தொங்கவிட்டுக் கிழடாக்குவார். பிறகு ‘லண்டன் 1719’ என்று பொறிப்பார். கடைக்குள் எது நுழைந்தாலும் இதே சடங்குதான்.

நான் கட்கி ராணுவத் தொழிற்சாலையில் கருவிப் பிரிவில் இருபத்தாறு வருஷம் லென்ஸோடு மல்லுக்கட்டியவன். ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

“சாமி, செக்ஸ்டன்ட்டே 1757 வாக்குலதான் வந்துச்சு. அதுக்கு முந்தி ஆக்டன்ட், அதுவும் 1731. நீங்க போடுற வருஷத்துல ரெண்டுமே கெடையாதுல்லா?”

“வாங்கறவனுக்குத் தெரியுமா ஓய்?” என்றார்.

தெரியவில்லைதான். தொண்ணூறுகளின் கடைசியில் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் புது வீட்டு ஹாலில் வைக்க வரிசையாக வந்தார்கள். வாஸ்கோடகாமா கையில் இதுதான் இருந்தது என்று அவர்களுக்குப் பிரசங்கம் வேறு செய்வார். அந்த ஆள் செத்து இருநூறு வருஷத்துக்கு மேல் ஆன பிறகு வந்த கருவி! கேட்டவர்கள் தலையை ஆட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தெருவில் யார் கிடைத்தாலும் அவரைக் கிழித்துத் தோரணம் கட்டுவேன்.

2004இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் தெரு செல்வமேரி ஒரு மரப்பெட்டியோடு வந்தாள். அவள் புருஷன் ஸ்டீபன் சரக்குக் கப்பலில் ஆபீசராக இருந்து இறந்தவன். பெட்டியில் இருந்தது அவனுடைய செக்ஸ்டன்ட். மகள் ஜான்சி தளேகாவ் பக்கம் கப்பல் படிப்பு முடித்து, அடுத்த மாதம் தன் முதல் கப்பலில் ஏறப்போகிறாள். அப்பா பிடித்த கருவியால்தான் முதல் சூரியனைப் பார்ப்பேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாளாம்.

“கண்ணாடி மட்டும் மங்கிட்டுண்ணே. மாத்திக் குடுங்க.”

டிவியில் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. “கேம்புல ரங்கராஜன்கிட்ட கண்ணாடி இருக்கும், அங்க குடு” என்றேன். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பத்து நாள் கழித்து அம்மாவும் மகளும் பெட்டியோடு வந்தார்கள். கண்ணாடி புதுசாக மின்னியது. மற்றதெல்லாம் பச்சையும் கறுப்புமாகக் கிழடு தட்டிக் கிடந்தது. வளைவில் பதித்திருந்த வெள்ளிப் பட்டையில் ஒரு அளவுக்கோடுகூட இல்லை. அதன் மேலேயே ‘லண்டன் 1719’.

கேம்புக்குப் பறந்தேன். ரங்கராஜன் முகமெல்லாம் பெருமை.

“நானே என் கையால பண்ணினேன் ஓய். ஒரு பைசா வாங்கலை. பாவம், ஆம்படையான் ஞாபகமா வச்சிண்டிருக்கா. கொஞ்சம் கௌரவமா இருக்கட்டுமேன்னு.”

முட்டாளோடு என்ன பேசுவது? திரும்பி வந்தேன். ஜான்சி இன்னும் என் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். கட்டைவிரலால் அந்த மொட்டைப் பட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

“அங்கிள், டிகிரி மார்க் திரும்பப் போட ஹோகா கியா?”

“முடியாதும்மா” என்றேன். அந்த ரங்கராஜன் ஒரு களவாணி, ஊருக்கே தெரியும் என்று ஆரம்பித்தேன்.

செல்வமேரி பெட்டியை மூடினாள்.

“அது உங்களுக்குத் தெரியும்லாண்ணே. நீங்க சொன்னீங்கன்னுதான அங்க குடுத்தேன்?”