சாத்திய சன்னல்

வேலையிலிருந்து வந்த மகள் ஒரே வாணலியில் மாட்டுக் கொத்துக்கறியை வதக்கி, பீன்ஸும் முருங்கைக்கீரையும் போட்டுக் கிளறினாள். வாசம் கூடத்துக்கு வந்தது. நான் எழுந்து போய்ச் சமையலறைச் சன்னலைச் சாத்தினேன்.

"எதுக்குப்பா சாத்துறீங்க? கண்ணு எரியுது."

நான் கொக்கியையும் மாட்டினேன்.

நான் சிறுவனாக இருந்தபோது மேலூர்க் காலனியில் எங்களுக்கு ஒற்றை அறை வீடு. ஞாயிறுதோறும் அம்மா மாட்டுக்கறியை அரிவாள்மனையில் பொடியாக அரிந்து வேகவைத்து, கடைசியில் முருங்கைக்கீரையை உருவிப் போடுவாள். ஏழாம் வகுப்பில் உடன் படித்த முத்து, ஊர்த்தெருப் பையன், ஒருநாள் நோட்டு வாங்க வாசலுக்கு வந்தான்.

"என்ன மாப்ள, இம்புட்டு மணக்குது! உங்க வீட்லயா?"

"இல்லடா, பக்கத்து வீட்ல. மாட்டுக்கறி. நாங்கல்லாம் அதத் தொடமாட்டோம்."

திரும்பினால் நிலைப்படியில் அம்மா, கையில் கரண்டியோடு. அவன் மணக்கிறது என்றதற்குச் சிரித்த சிரிப்பு இன்னும் முகத்தில் மிச்சமிருந்தது. உள்ளே போனாள்.

அடுத்த ஞாயிறு முதல் கறி வேகும்போது அவளே சன்னலைச் சாத்திக்கொண்டாள். விறகுப் புகையில் இருமி இருமிச் சமைத்தாள். திறந்து வை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. சாத்தியிருந்தது எனக்கு வசதியாக இருந்தது.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டுக் கேட்டாள். பிறகு நான் சன்னலை முழுதாகத் திறந்தேன். எதிர்மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன சார், வாசம் தூக்குது?"

"மாட்டுக்கறிங்க," என்றேன். "எங்கம்மா பக்குவம்."